கண்ணை அளந்த பட்டாளத்து டாக்டர்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெயரை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேபில் ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச்சுருள்களை எதிரெதிரே நிறுத்தி வைத்திருப்பார்களே, அது ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில். மெக்கானிக்கல்காரங்களுக்குத் தெர்மோடைனமிக்ஸில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஃப்ரீ எனர்ஜி. வைவாவில் கேட்டால் சொல்லித் தப்பிக்க ஒரு பெயர், அவ்வளவுதான் நமக்கு அவர்.

ஆனா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு லேசர் பண்ணிக்கலாம்னு நினைக்கிற ஆளா நீங்க இருந்தா, அந்த மனுஷன் உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முழுநாள் செக்கப் வைப்பார்கள். மெஷின் மெஷினாக உட்கார வைப்பார்கள், சொட்டு மருந்து விடுவார்கள், இருட்டு அறையில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். அதில் முக்கியமான மூன்று வேலைகளுக்கு வழி போட்டவர் இவர்தான். செக்கப்புக்கு எப்படித் தயாராகணும்னு தனியா ஒரு லிஸ்ட் தர்றதை விட, இவர் கதையைச் சொன்னால் அந்த லிஸ்ட் தானாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

என் ஊர் பாவூர்சத்திரம். எங்க பக்கம் கண்ணு பார்க்கணும்னா தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுவோம். பிளேஸ்மெண்ட் முடிஞ்சு ஜாயினிங் தேதிக்குக் காத்திருக்கிற இந்த இடைவெளியில்தான் நிறைய பேருக்கு லேசர் ஆசை வருது. எல்லாரும் பேசுறது ஆபரேஷன் பத்தித்தான்: வலிக்குமா, எத்தனை நிமிஷம், எவ்வளவு செலவு. செக்கப்பை ஏதோ ஹால் டிக்கெட் மாதிரி நினைக்கிறாங்க. உண்மையில் பரீட்சையே அதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

1821 ஆகஸ்ட் 31, ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் போட்ஸ்டாம் என்ற ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மொழியும் தத்துவமும் அவருக்கு உயிர், சம்பளம் மட்டும் சுமார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர் ஹெர்மன். சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத விஷயங்களை மனப்பாடம் செய்வதில் ரொம்ப வீக். இலக்கணமும் சரித்திரத் தேதிகளும் தலைவலி. மரக்கட்டைகளை வைத்து விளையாடியே ஜியோமெட்ரியின் பாதியைக் கற்றுக்கொண்டதால், பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது இவருக்குத் தெரியாதது அதில் பெரிதாக எதுவும் இல்லை. லத்தீன் வகுப்பில் மற்ற பையன்கள் பாடம் படிக்க, இவர் டெஸ்குக்குக் கீழே டெலஸ்கோப்பின் ஒளிக்கதிர்கள் எப்படி வளையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கடைசி பெஞ்சில் வேறு சப்ஜெக்ட் படிக்கிற நம்ம ஆளுங்க இதைக் கவனிக்கவும்.

அவர் படிக்க ஆசைப்பட்டது பிசிக்ஸ். அப்பா முடியாது என்றார். கோபத்தில் இல்லை, கையில் காசு இல்லை. பிசிக்ஸ் படித்தால் அன்றைக்கு வேலை கிடைக்காது. ஆனால் பெர்லினில் ராணுவத்துக்கு டாக்டர்களை உருவாக்கும் ஒரு கல்லூரி இருந்தது. படிப்பு இலவசம். பதிலுக்கு, முடித்ததும் எட்டு வருஷம் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னா எட்டு வருஷ பாண்ட். 1838இல் 17 வயதில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார். பிடித்த பாடம் ஒன்று, சேர்ந்த பாடம் வேறொன்று. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் வகுப்பில் யார் யார் ஞாபகம் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

படிக்கும்போதே ஒரு கூத்து நடந்தது. 1841இல் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்தக் கல்லூரி மாணவர் என்பதால் வைத்தியமும் சாப்பாடும் இலவசம். எழுந்து பார்த்தால் கைச்செலவுக்கு வந்த உதவித்தொகை அப்படியே சேர்ந்திருந்தது. அதை வைத்து ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். பெரிய மைக்ராஸ்கோப் ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துத்தான் நரம்பு நார்கள் பற்றிய ஆராய்ச்சியைச் செய்து 1842இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு பாண்ட் தொடங்கியது. 1843இல் சொந்த ஊரான போட்ஸ்டாமிலேயே குதிரைப்படைக்கு டாக்டர். காலையில் சிப்பாய்களின் காயம், காய்ச்சல். மற்ற நேரத்தில் பாளையத்துக்குள்ளேயே ஒரு சின்ன லேப் அமைத்து, தசை வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளந்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் 1847 ஜூலையில் பெர்லின் பிசிக்ஸ் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை. ஆற்றல் அழிவதில்லை, உருவம் மட்டும் மாறுகிறது என்ற அந்த விதி. அப்போது வயது 25. நாட்டின் பெரிய பிசிக்ஸ் இதழ் அதைப் போட மறுத்தது, அவர் தனிப் புத்தகமாக வெளியிட்டார். நாம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு மார்க் கேள்வியாகப் படித்து வருகிற அதே விதி, இதழ் நிராகரித்த ஒரு கட்டுரையில் இருந்தது. அடுத்த வருஷமே, ஹம்போல்ட் என்ற பெரிய விஞ்ஞானியின் சிபாரிசால் பாண்ட் பாதியிலேயே ரத்தானது. 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆசிரியர் வேலை, அதே வருஷம் ஓல்கா என்ற பெண்ணோடு கல்யாணம்.

அங்கே தவளையின் நரம்பில் சிக்னல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்தார். அது கண நேரத்தில் போய்விடும், அளக்கவே முடியாது என்று அவருடைய குருவே நம்பியிருந்தார். கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர்தான். நம்ம எக்ஸ்பிரஸ் ரயில் வேகம். அந்தச் சோதனைகளில் அளவுகளைக் குறித்துக் கொடுத்தவர் ஓல்கா.

இனிதான் கண்.

1850இல் வகுப்பு எடுக்க அவர் தயார் செய்துகொண்டிருந்தார். பூனையின் கண் இருட்டில் ஏன் மின்னுகிறது, மனுஷனின் கண்பாப்பா மட்டும் ஏன் கறுப்பாகவே தெரிகிறது என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டும். நீங்களும் யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்குள் வெளிச்சம் போகிறது, உள்ளே விழித்திரையில் பட்டு ஒரு பகுதி திரும்பி வரத்தான் வேண்டும். அப்புறம் ஏன் கறுப்பு? விடை சுலபம். கண்ணின் லென்ஸ் காரணமாக உள்ளே போன வெளிச்சம் போன வழியிலேயே, விளக்கை நோக்கியே திரும்புகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண் விளக்கு இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அங்கே போய் நின்றால் உங்கள் தலையே விளக்கை மறைத்துவிடும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தது இதுதான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். நோயாளியின் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்வாகப் பிடித்தார். விளக்கின் வெளிச்சம் தகட்டில் பட்டு கண்ணுக்குள் போகும். திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி, அதற்குப் பின்னால் இருக்கிற டாக்டரின் கண்ணுக்கு வரும். ஒரு தகட்டில் வெளிச்சம் போதவில்லை, அதனால் சில தகடுகளை அடுக்கினார். கூட ஒரு குழி லென்ஸ். அட்டை, பசை, மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸ், மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் மெல்லிய கண்ணாடி, இவ்வளவுதான் பொருள். மினி பிராஜெக்டுக்கு நாம் வாங்குகிற சாமான்களை விடக் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் மல்லுக்கட்டிய பிறகு, உயிரோடு இருக்கும் மனிதனின் விழித்திரை தெளிவாகத் தெரிந்தது. அந்த டிசம்பரில் அறிவித்தார், 1851இல் புத்தகமாக வந்தது. பெயர் ஆப்தல்மாஸ்கோப்.

இதில் ஒரு சோகக் கிளைக்கதை உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களின் மூதாதையர் சார்லஸ் பாபேஜ் இங்கிலாந்தில் 1847இலேயே இப்படி ஒரு கருவி செய்து ஒரு கண் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாபேஜும் ஓரமாக வைத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு எதுவுமே முழுசா முடியல.

உங்க செக்கப்பில் இது எங்கே வருதுன்னா, கடைசியில். கண்பாப்பாவை விரிய வைக்க மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, பிறகு விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களின் கண் முன்பின்னாக நீண்டிருக்கும், அதனால் விழித்திரை ஓரத்தில் மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருக்கலாம். லேசர் உங்கள் பவரைத்தான் எடுக்கும், அந்த நீண்ட கண்ணை எடுக்காது. ஆகவே ஓட்டை இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி, மின்னல் வெட்டுகிற மாதிரி எப்போதாவது இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்க. மருந்து விட்ட பிறகு பல மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அதனால பைக் எடுத்துட்டுப் போகாதீங்க. கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க, ஒரு கூலிங் கிளாஸும் எடுத்துக்கோங்க. திரும்பி வர்றப்ப தென்காசி பஸ்ஸா சங்கரன்கோவில் பஸ்ஸான்னு போர்டு படிக்கவாவது ஆள் வேணும்.

ஆப்தல்மாஸ்கோப் ஹெல்ம்ஹோல்ட்ஸை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியது. அவரோ அடுத்த வேலைக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் அழகான வேலை. உயிருள்ள கண்ணின் முன்பக்க வளைவை அளப்பது.

கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற படலத்துக்குக் கார்னியா என்று பெயர். கண்ணின் மொத்த பவரில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் இருக்கிறது. லேசர் செதுக்கப் போவதும் அதைத்தான். அது ஒரு குவி ஆடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிற நண்பனின் கண்ணைப் பார்த்தால் குட்டி ஜன்னல் தெரியும். ஜன்னலின் அளவும் தூரமும் தெரிந்தால், அந்தக் குட்டி பிம்பத்தின் அளவை வைத்து வளைவின் ஆரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிளஸ் டூ கணக்குதான். பிரச்சினை என்னவென்றால், பிம்பம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணோ ஒரு நொடி கூட ஆடாமல் நிற்காது. ஆடுகிற பொருளின் மேல் ஸ்கேலை எப்படி வைப்பது?

சூரியனின் குறுக்களவை அளக்க வானியல்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: ஒரே பிம்பத்தை இரண்டாக்குவது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டார். சின்ன டெலஸ்கோப்பின் முன்னால் இரண்டு கண்ணாடித் தகடுகள், ஒன்று மேல் பாதிக்கு, ஒன்று கீழ் பாதிக்கு. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் திருப்பினால் ஒரு பிம்பம் இரண்டாகப் பிரியும். ஒன்றின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தைத் தொடும் வரை திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினோம் என்பதிலிருந்து பிம்பத்தின் அளவு கிடைக்கும். கண் ஆடினால் இரண்டு பிம்பமும் சேர்ந்து ஆடும், அவற்றுக்கு நடுவிலுள்ள உறவு மாறாது. ஈசிஈ நண்பர்களே, டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையரில் இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி வரும் நாய்ஸ் அடிபட்டுப் போவதைப் படித்திருப்பீர்களே, அதே யோசனை. எலக்ட்ரானிக்ஸ் பிறப்பதற்கு முன்னாலேயே.

அதன் பெயர் ஆப்தல்மோமீட்டர். லேபில் மட்டும் வேலைக்காகும் அதை, 1881இல் பாரீஸில் ஜவால், ஷியோட்ஸ் என்ற இருவர் ஆஸ்பத்திரியில் வைக்கிற மாதிரி மாற்றினார்கள். இன்று கெரட்டோமீட்டர் என்கிறோம். கறுப்பும் வெள்ளையுமாக வட்டம் வட்டமாக ஒளிரும் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்வார்களே, அது டோப்போகிராபி. அந்த வட்டங்களுக்குப் போர்ச்சுகல்காரரான பிளாசிடோவின் பெயர். அதிலும் அடிப்படை அதேதான்: கார்னியா ஒரு ஆடி, பிம்பத்தைப் பார்த்து வளைவைக் கணக்கிடு. ஆரம் 7.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 337.5ஐ 7.8ஆல் வகுக்க 43.27 டயாப்டர் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் கே1, கே2 என்று இருக்கிற இரண்டு எண்கள் இவைதான். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், உங்கள் கண்ணாடிச் சீட்டிலும் அநேகமாக சிலிண்டர் பவர் எழுதியிருப்பார்கள்.

இப்போ கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க கவனிங்க. லென்ஸ் கார்னியாவின் மேலேயே உட்கார்ந்து அதன் வடிவத்தைக் கொஞ்சம் அழுத்தி மாற்றி வைக்கும். காலையில் லென்ஸைக் கழட்டிவிட்டு மத்தியானம் போய் அளவு கொடுத்தால், மெஷின் அளப்பது உங்கள் கண்ணை அல்ல, லென்ஸ் அமுக்கி வைத்த கண்ணை. அந்தத் தப்பு எண்ணை நம்பித்தான் லேசர் செதுக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், கெட்டியான லென்ஸ் என்றால் இன்னும் பல வாரங்கள். நீங்கள் போகிற ஆஸ்பத்திரி எத்தனை நாள் என்கிறதோ அதைக் கேட்டுக்கோங்க, ஒரு நாள் கூட ஏமாத்தாதீங்க. இன்னொன்னும் சொல்லிடறேன். சீசன் நேரத்தில் லென்ஸ் போட்டுக்கொண்டே குற்றாலத்தில் மெயின் ஃபால்ஸில் தலையைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அருவித் தண்ணியும் கான்டாக்ட் லென்ஸும் சேரவே கூடாது. லென்ஸுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் கிருமி கார்னியாவையே அரித்துவிடும்.

கண்ணைக் கசக்குகிற பழக்கமும் இங்கேதான் மாட்டும். எங்க ஊர்ல காய்கறிச் சந்தைத் தூசி ஒரு பக்கம், காத்தாடியைச் சுத்த வைக்கிற ஆடி மாசக் காத்து இன்னொரு பக்கம், கசக்காம இருக்கிறது கஷ்டம்தான். ஆனால் விடாமல் அழுத்திக் கசக்குவது, கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் கெரட்டோகோனஸ் என்ற நோயோடு தொடர்புள்ளது. அது ஆரம்ப நிலையில் இருந்தாலும் வழக்கமான லேசர் பண்ணக் கூடாது. பண்ணினால் வேகமாக மோசமாகும். டோப்போகிராபியில் அவர்கள் முக்கியமாகத் தேடுவதே இதைத்தான். வீட்டில் யாருக்காவது இது இருந்தால் சொல்லணும்.

ஆப்தல்மோமீட்டரை வைத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். தூரத்து மலையைப் பார்த்த அதே கண், அடுத்த நொடி கையில் இருக்கிற போனை எப்படித் தெளிவாகப் பார்க்கிறது? கேமராவில் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். கண்ணில் என்ன நகர்கிறது? கண்ணுக்குள் இருக்கிற லென்ஸின் முன்பக்கத்திலிருந்து வரும் மங்கலான பிம்பத்தை அவர் அளந்தார். பக்கத்தில் பார்க்கும்போது அந்தப் பிம்பம் சிறியதாகிறது, அதாவது லென்ஸ் இன்னும் உருண்டையாகிறது. உள்ளே ஒரு வளையத் தசை சுருங்க, லென்ஸைப் பிடித்திருக்கும் நூல்கள் தளர, லென்ஸ் தன் இயல்பான குண்டு வடிவத்துக்குப் போகிறது. 1855இல் வெளியிட்டார். நெதர்லாந்தில் கிராமர் என்பவர் சற்று முன்பே தனியாக இதில் பெரும்பகுதியைக் கண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம்ம வயசுல இந்தத் தசை ரொம்ப ஸ்ட்ராங். அதுவே சிக்கல். அது இறுகியே இருந்தால், மைனஸ் 3 இருக்கிற ஆள் மைனஸ் 3.75 என்று மெஷினில் காட்டலாம். ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லி, ரோட்டின் கடைசியில் ஒரு கலர் பலூன் தெரியும், அது மங்கும், பிறகு தெளியும் இல்லையா? எல்லாரும் அதை வேடிக்கைப் படம் என்று நினைக்கிறோம். தூரத்தில் பார்க்கிறோம் என்று அந்தத் தசையை நம்ப வைத்துத் தளர்த்துவதற்காகத்தான் அந்த மங்கல். அப்படியும் அடங்காத தசையைச் சொட்டு மருந்து கொஞ்ச நேரம் முடக்கும், பிறகு திரும்ப பவர் பார்ப்பார்கள். முந்தின ராத்திரி விடிய விடிய கோடிங்கும் ரீல்ஸுமாக இருந்துவிட்டுப் போய் உட்காராமல் இருப்பது உங்கள் பங்கு.

பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்க. ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருந்தால்தான் லேசர் பற்றிப் பேச்சே. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும், கண்ணை வறள வைக்கும் மருந்து அது. சர்க்கரை, மூட்டுவாத வகை நோய்கள், எதையும் மறைக்கக் கூடாது. அன்றைக்குக் கண் மை, ஐ லைனர் வேண்டாம். இன்னொரு முக்கியமான விஷயம், வேலை. ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் பதவிக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. ராணுவம், போலீஸ் என்று வேறு எதற்காவது முயற்சி செய்கிறவர்களும், கண்ணாடியைக் கழட்டினால் வேலை கிடைக்கும் என்று நம்பிப் போகும் முன் அந்த நோட்டிஃபிகேஷனை முழுசாகப் படிங்க.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் மீதி வாழ்க்கையை வேகமாகச் சொல்கிறேன். ஓல்காவுக்கு நுரையீரல் நோய். கோனிக்ஸ்பெர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று 1855இல் பான் நகருக்கு மாறினார், 1858இல் ஹைடல்பெர்க். 1859இல் அப்பா போனார், அதே வருஷக் கடைசியில் ஓல்காவும். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். 1861இல் ஆன்னா என்பவரை மணந்தார். பார்வை பற்றிய அவருடைய பெரிய நூல் 1856இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வந்து 1867இல் முடிந்தது. நடுவில் 1863இல் இசையின் ஒலி பற்றி ஒரு பெரிய நூல். இந்த இரண்டாவது புத்தகம் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த நம்ம திருச்சிக்காரப் பையன் ஒருவரைப் பிடித்து ஆட்டியது. தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாக அதைச் சொன்ன அவர் சர் சி.வி. ராமன். வீணை, மிருதங்கம் பற்றி ராமன் செய்த ஆராய்ச்சிக்கெல்லாம் விதை அங்கே இருக்கிறது. கடைசிக் காலத்தில் ராமனும் கண்ணுக்கே வந்து, பார்வையைப் பற்றி 1968இல் ஒரு புத்தகம் போட்டார்.

இத்தனை வருஷம் கண்ணை அளந்த ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அதன் மேல் பெரிய பக்தி எதுவும் இல்லை. ஒரு கடைக்காரர் இவ்வளவு குறைகளோடு ஒரு கருவியை விற்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்கிற மாதிரி ஒரு சொற்பொழிவில் பேசினார். ஆனால் சொந்தக் கண் என்பதால் விடமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். நூறு சதவீதம் பெர்ஃபெக்ட் பார்வை வேணும்னு போகிறவர்கள் இதை யோசிக்கலாம். லேசருக்குப் பிறகும் சிலருக்கு இரவில் லைட்டைச் சுற்றி வட்டம் தெரியும், கண் வறளும், நாற்பது தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரும். அந்தக் கண்ணாடிக்குக் காரணம் 1855இல் அவர் பார்த்த அதே லென்ஸ், வயதாக ஆக இறுகிப்போவதுதான்.

1871இல், ஐம்பதாவது வயதில், பெர்லின் பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் பேராசிரியர் ஆனார். 17 வயதில் கிடைக்காத பாடம் 33 வருஷம் சுற்றி வந்து கிடைத்தது. ரேடியோ அலைகளைக் கண்ட ஹெர்ட்ஸ் அவருடைய மாணவர். மாக்ஸ் பிளாங்க்கும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். சார் தயார் செய்யாமல் வருவார், போர்டில் தப்பாகப் போடுவார், வகுப்பு காலியாகும் என்பது பிளாங்க்கின் நினைவு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஃபீட்பேக் ஃபார்ம் ஒன்றுதான் போல. 1888இல் அளவைகளுக்கென்றே ஜெர்மனி தொடங்கிய தேசிய ஆய்வகத்துக்கு முதல் தலைவர் ஆனார். 1889இல் மகன் ராபர்ட்டை இழந்தார். 1893இல் சிகாகோ கண்காட்சிக்குப் போய்த் திரும்பும்போது கப்பல் படியில் விழுந்து அடிபட்டது. 1894 செப்டம்பர் 8 அன்று 73 வயதில் இறந்தார்.

லேசர் என்ற சொல்லே அப்போது கிடையாது. கார்னியாவைச் சுடாமல், துளித்துளியாகச் செதுக்கும் வழி 1981இல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் அதைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படித்த ரங்கசாமி சீனிவாசன். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் 193 நானோமீட்டர் புறஊதா லேசரை அடித்துப் பார்த்தார்கள், சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. வெட்டும் கருவி அன்று கிடைத்தது. எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்று சொல்லும் அளவு முறை அதற்கு நூற்றிச் சொச்சம் வருஷம் முன்னாலேயே தயாராக இருந்தது.

எவ்வளவு என்ற கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஆழம் மைக்ரானில் வரும். 6 மில்லிமீட்டர் வட்டம், மைனஸ் 6 பவர்: 36 பெருக்கல் 6 வகுத்தல் 3, அதாவது 72 மைக்ரான். கார்னியா 520 மைக்ரான் தடிமன், மேலே தூக்குகிற மூடி 110 மைக்ரான் என்றால், அடியில் 338 மிஞ்சும். அதே வட்டத்தில் மைனஸ் 8, தடிமன் 480 என்றால் 274தான் மிஞ்சும். 250க்குக் கீழே போகவே கூடாது, 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற டாக்டர்கள் பலர். இது தோராயக் கணக்கு, நிஜ மெஷின்கள் இன்னும் கொஞ்சம் கூடவே எடுக்கும். அதனால், இரண்டாவது ஆளுக்கு லேசிக் வேண்டாம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பார்க்கலாம், அல்லது கண்ணாடியே போதும் என்று சொல்லி அனுப்பினால் அது அந்த ஆஸ்பத்திரி ஒழுங்காக அளந்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டாம் என்று ஒரு இடத்தில் சொன்னதும், சரி என்று சொல்கிற இன்னொரு இடத்தைத் தேடி அலையாதீங்க. வேறு டாக்டரிடம் கேட்பது தப்பில்லை, ஆனால் முதல் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு போய்க் கேளுங்க.

பதில் எதுவாக இருந்தாலும் கே1, கே2, தடிமன், கலர் கலரான அந்த மேப் எல்லாம் உள்ள தாளில் ஒரு காப்பி கேட்டு வாங்கி, மார்க் ஷீட் வைக்கிற ஃபைலிலேயே போட்டு வையுங்க. அடுத்த வருஷம் கார்னியா மாறியிருக்கா இல்லையான்னு பார்க்க, ஒப்பிட அந்த எண்கள்தான் வேணும். லேசர் பண்ணிக்கிட்டவங்களுக்கும் அது வேணும். அறுபது வயதில் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, செதுக்குவதற்கு முன்னால் உங்கள் கார்னியா எப்படி இருந்தது என்று அந்த டாக்டர் கேட்பார்.